20ஆம் கிழமை ஸ்கானில பிள்ளையின்ர எல்லாம் தெரியுமோ?

விசுவமடுப் பிள்ளை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை. இப்ப 19 கிழமை. வாற கிழமை ஸ்கானுக்கு வரச்சொல்லி கிளினிக்கில துண்டு தந்திருக்கினம். பிள்ளையின்ர உறுப்பெல்லாம் பாக்கிற ஸ்கான் எண்டு மிட்வைஃப் சொன்னவ.

என்ர பயம் அக்கான்ர மகனால வந்தது. போன வருசம் பிறந்தவன். அக்கா ஒரு கிளினிக்கும் தவறவிடேல்ல. ஸ்கான் எடுத்த நேரமெல்லாம் ரிப்போட்டில நோர்மல். போதாக்குறைக்கு பிறைவேட்டில 4டி ஸ்கானும் எடுத்து, முகம் தெரியிற படத்தை அத்தான் லமினேற் பண்ணி சாமித்தட்டில வைச்சிருந்தவர். உதடு, மூக்கு எல்லாம் வடிவா இருந்தது. பிறந்தாப் பிறகு பால் குடுத்தா மூக்கால வருது. மூண்டாம் நாள்தான் டொக்டர் வாயைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு மேலண்ணத்தில பிளவு எண்டு சொன்னவர். அக்கா அந்த லமினேற் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிக் காட்டிக் கேட்டவ, இதில தெரியேல்லையோ எண்டு.

இப்ப மாமி சொல்லுறா, "உந்த ஸ்கானால என்ன பிரயோசனம், நாங்கள் அஞ்சு பெத்தனாங்கள் ஒரு ஸ்கானும் எடுக்காமல்" எண்டு. அதோட அக்கா கிரகணத்தண்டு வெளியில நிண்டு மீன் வெட்டினவவாம், அதுதானாம் பிள்ளைக்குப் பிளந்தது. மாமி கெட்ட மனுசி இல்லை, என்னில பாசம். ஆனா இதைக் கேட்டுப்போட்டு அக்கா ரெண்டு நாள் சாப்பிடேல்ல. அடிக்கடி ஸ்கான் எடுத்தா பிள்ளைக்குக் கூடாது எண்டும் சொல்லுறா.

இவர் எண்டா யாழ்ப்பாணம் போய் 4டி எடுப்பம், அதில எல்லாம் தெரியும் எண்டு நிக்கிறார். இந்தப் போகம் நெல்லு வித்த காசில கொஞ்சம் கிடக்கு, அதைப் பேறுக்கு எண்டு வைச்சிருக்கிறம்.

ஆராவது தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அந்த ஸ்கானில உண்மையா என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது? நோர்மல் எண்டு எழுதித் தந்தா நான் நிம்மதியா இருக்கலாமோ இல்லையோ?


தருமபுரம் அம்மா எழுதினது:

தங்கச்சி பயப்பிடாதேங்கோ. நான் என்ர ரெண்டாவதுக்கு 4டி எடுத்தனான், பிள்ளை விரல் சூப்புறது கூடத் தெரிஞ்சது. காசு இருந்தா எடுங்கோ, அதில பிழைக்காது. உங்கட அக்காவுக்கு எடுத்தவைக்குத்தான் எடுக்கத் தெரியேல்ல.


ஸ்கான் அறை டொக்டர் எழுதினது:

தங்கச்சி, நான் மல்லாவியில பிறந்து வளந்தவள். இப்ப என்ர வேலை நாள் முழுக்க ஸ்கான் மெஷினுக்கு முன்னால. மேல எழுதின அம்மா ஆறுதலுக்குச் சொல்லுறா, ஆனா அதை அப்பிடியே விடேலாது. உங்கட அக்கான்ர பிள்ளைக்கு ஸ்கான் எடுத்தவரை குற்றம் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. மேலண்ணம் மட்டும் பிளந்திருக்கிற பிள்ளையை உலகத்தில எங்கயும் பெரும்பாலும் பிறந்தாப் பிறகுதான் கண்டுபிடிக்கினம்.

ஏனெண்டு விளங்கவேணுமெண்டா மெஷின் என்ன செய்யுது எண்டு தெரியவேணும். வயித்தில வைச்சு உருட்டுற அந்தப் புறோப்பால போறது சத்தம். எங்கட காது செக்கனுக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேக்கும், வயித்து ஸ்கானில போறது செக்கனுக்கு 20 இலட்சம் தொடக்கம் 50 இலட்சம் அதிர்வு. அது உள்ள போய் ஒவ்வொரு தசையிலயும் பட்டு எதிரொலியா வரும், அதை வைச்சு மெஷின் படம் கீறும். ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ நகரத்தில இயன் டொனால்ட் எண்ட டொக்டர் முதன்முதல் பரிசோதிச்சுப் பாத்தது தொழிற்சாலையில இரும்புக்குள்ள வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கிற கருவியாலதான். அவையின்ர கட்டுரை 1958இல வந்தது. எக்ஸ்ரே கதிர் இதில இல்லை. உங்கட மாமிக்கு அதைச் சொல்லுங்கோ. தேவைக்கு எடுக்கிற ஸ்கானால பிள்ளைக்குக் கெடுதல் எண்டு இவ்வளவு காலத்தில ஒருத்தரும் காட்டேல்ல. தேவையில்லாமல் படம் பாக்க எண்டு எடுக்கவேண்டாம் எண்டுதான் நாங்களும் சொல்லுறது.

இந்தச் சத்தத்துக்குத் தண்ணி நல்ல நண்பன், எலும்பு எதிரி. தண்ணிக்குள்ளால சுகமாப் போகும், எலும்பில பட்டா அப்பிடியே திரும்பிவிடும், எலும்புக்குப் பின்னால கறுப்பு நிழல்தான் விழும். மேலுதடு முகத்துக்கு முன்னால, தண்ணியை முட்டிக்கொண்டு கிடக்கு, அதால தெரியும். மேலண்ணம் மேல்தாடை எலும்புக்குப் பின்னால, நிழலுக்குள்ள. அதிலயும் நாக்கு மேல ஒட்டிக்கொண்டு கிடந்தா இடைவெளியே தெரியாது. உங்கட அத்தான் லமினேற் பண்ணின படம் பொய்யில்லை. உதடு உண்மையாவே வடிவாத்தான் இருந்திருக்கு. அந்தப் படம் வாய்க்குள்ள போகேல்ல, அவ்வளவுதான்.

4டியைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு. 4டி எண்டா அசையிற முப்பரிமாணப் படம், கணனி மேற்பரப்பைச் சேர்த்துக் கட்டுறது. தோலுக்கு வெளியில உள்ளதை வடிவாக் காட்டும். முகத்தில சந்தேகம் வந்தாப் பிறகு நிபுணர் ஒருத்தர் அதைப் பாவிச்சா உதவிதான். ஆனா மூளை, இதயம், குண்டிக்காய், முள்ளந்தண்டு எல்லாத்தையும் நாங்கள் பாக்கிறது அந்தச் சாதாரண கறுப்பு வெள்ளைப் படத்தில, குறுக்கும் நெடுக்குமாத் துண்டு துண்டா வெட்டிப் பாத்துத்தான். நெல்லு வித்த காசைப் பேறுக்கு வைச்சிருங்கோ. காசு செலவழிக்கிறதெண்டா ஆளுக்குச் செலவழிக்கோணும். உங்கட ஸ்கானில ஏதும் சந்தேகம் எழுதினா, சிசுவின்ர இதயமோ மூளையோ பாத்துப் பழகின நிபுணரிட்ட போற பஸ் காசு அது.

ஏன் 20 கிழமை? 11க்கும் 14க்கும் இடையில எடுக்கிற ஸ்கானில திகதி சரியா வரும், இரட்டையோ எண்டு தெரியும், மண்டையோடு உருவாகாமல் விட்டிருந்தா அப்பவே தெரியும். ஆனா இதயம் அப்ப மிகச் சின்னன். 20 கிழமையில பிள்ளை ஏறக்குறைய 300 கிராம் நிறை. அப்பவும் இதயம் உங்கட பெருவிரல் நுனியளவுதான், நிமிசத்துக்கு 140, 150 தரம் அடிச்சுக்கொண்டு. அதுக்குள்ள நாலு அறை, வால்வுகள், ரெண்டு பெரிய குழாய். இன்னும் பிந்தினா எலும்பு தடிச்சு நிழல் கூடும், பிள்ளை மடங்கி நெருங்கிப் படுக்கும், தண்ணியின்ர அளவும் பிள்ளைக்குக் காணாமல் வரும். 18 தொடக்கம் 22 கிழமைக்குள்ளதான் பிள்ளை போதிய அளவு வளந்தும் இருக்கும், திரும்பிப் படுக்க இடமும் இருக்கும்.

எது எவ்வளவு தெரியும் எண்டதுக்கு நல்ல அளவுகோல் ஒண்டு இருக்கு. இங்கிலாந்தின்ர தேசியத் திட்டம் 20 கிழமை ஸ்கானில 11 கோளாறுகளைத் தேடச் சொல்லி, ஒவ்வொண்டையும் நூற்றுக்கு இத்தனையாவது பிடிக்கோணும் எண்டு வைச்சது. மண்டையோடு இல்லாதது 98. வயித்துச் சுவர் பிளந்து குடல் வெளியில மிதக்கிறது 98. திறந்த முள்ளந்தண்டுப் பிளவு 90. கொப்பூழுக்குள்ளால குடல் பைபோலத் தள்ளுறது 80. உதட்டுப்பிளவு 75. நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்தில ஓட்டை 60. பாரதூரமான இதயக் கோளாறு 50. நல்ல மெஷின், பயிற்சி எடுத்த ஆக்கள் இருக்கிற நாட்டில, பாரதூரமான இதயக் கோளாறில பாதி பிடிபட்டாப் போதும் எண்டு வைச்சிருக்கினம் எண்டா யோசிச்சுப் பாருங்கோ. அந்த 11இல உதட்டுப்பிளவு இருக்கு, மேலண்ணம் மட்டும் பிளக்கிறது இல்லை. அதுக்கு முதல் ஐரோப்பாவில 61 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்து 1999இல வெளியிட்ட யூரோஃபீற்றஸ் ஆய்விலயும் கோளாறுள்ள பிள்ளையளில நூற்றுக்கு 61 அளவில்தான் வயித்தில இருக்கேக்க பிடிபட்டது. மூளை, நரம்பு, குண்டிக்காய் எண்டா 90ஐக் கிட்ட. இதயம் அதில பாதிக்கும் குறைய.

முள்ளந்தண்டு ஏன் அவ்வளவு நல்லாப் பிடிபடுது எண்டா, அது தலையிலயும் காட்டிக் குடுக்கும். முள்ளந்தண்டு திறந்திருந்தா பின்மூளை கீழ இழுபடும், நெத்திப் பக்கம் மண்டையோடு உள்ளுக்க வளைஞ்சு எலுமிச்சம்பழ வடிவத்தில வரும், சிறுமூளை வாழைப்பழம்போல வளையும். லண்டனில 1986இல நிக்கலைடிஸ் எண்ட டொக்டரும் அவரோட வேலை செய்த ஆக்களும் இதை எழுதினாப் பிறகு நாங்கள் எல்லாரும் முதல் தலையைத்தான் பாக்கிறம், பிறகு முதுகு. பிள்ளை முதுகைக் காட்டாமல் மல்லாந்து கிடந்தாலும் தலை சொல்லிப்போடும்.

இதயத்துக்கு அப்பிடி வேற இடத்தில அடையாளம் இல்லை. நாலு அறையும் ஒரு படத்தில வாறதைத்தான் முதல் பாக்கிறது. ரெண்டு பெரிய குழாயும் இடம்மாறி முளைச்ச பிள்ளைக்கு அந்த நாலு அறையும் நல்லாவே இருக்கும். மேல ஏறிக் குழாய்கள் புறப்படுற இடத்தைப் பாத்தாத்தான் தெரியும். சின்ன ஓட்டையள் படத்தின்ர நுணுக்கத்துக்கு அகப்படாது. இன்னொண்டு, வயித்தில இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இதயத்துக்குள்ள ஒரு வாசலும் வெளியில ஒரு இணைப்புக் குழாயும் திறந்துதான் இருக்கும், சுவாசப்பை வேலை செய்யாதபடியால் இரத்தம் அதுகளாலதான் சுத்தும். பிறந்தாப் பிறகு அது மூடுமோ மூடாதோ எண்டு ஆராலயும் முன்னுக்கே பாத்துச் சொல்லேலாது.

சில கோளாறு 20 கிழமையில அங்க இருக்காது. சிறுகுடலின்ர தொடக்கம் அடைபட்டிருந்தா வாற ரெட்டைக் குமிழ் படம் கனதரம் 24 கிழமைக்குப் பிறகுதான் தெரியும். கைகால் குட்டையாப் போற ஒருவகைக் குள்ளமும் அப்பிடி. 20இல சரியா இருந்த மூளை நீர் அறை 30இல பெருக்கலாம். அதோட, காது கேக்குமோ, கண் தெரியுமோ, ஓட்டிசம் வருமோ எண்டதெல்லாம் ஸ்கானின்ர வேலையே இல்லை. டவுண் நோயுள்ள பிள்ளையளில ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ஸ்கானில ஒண்டும் தெரியாது.

மற்றப் பக்கமும் சொல்லோணும். ஸ்கான் காணுற எல்லாம் வருத்தம் இல்லை. மூளைக்குள்ள சின்ன நீர்க்குமிழ் எண்டு எழுதினதை வாசிச்சுப்போட்டு, இரவிரவா ஃபோனில தேடி, முகம் வீங்க அழுதுகொண்டு வாற தாய்மாரை நான் காணுறன். நூறு பிள்ளையில ஒண்டு ரெண்டுக்கு அது இருக்கும். வேற ஒரு கோளாறும் சேர்ந்து இல்லையெண்டா பயப்பிட ஒண்டுமில்லை, கனதரம் 28 கிழமையளவில தன்பாட்டில காணாமல் போகும். இதயத்துக்குள்ள தெரியிற ஒரு வெள்ளைப் பொட்டும் கனதரம் வருத்தம் இல்லை, எங்கட ஆசியப் பிள்ளையளில அது கூடுதலாக் காணுறது. எழுதினவர் கடமைக்கு எழுதியிருப்பார். அதுக்குப் பக்கத்தில ஒரு வசனம் விளங்கப்படுத்தியிருக்கலாம். அந்த ஒரு வசனத்துக்கு நேரம் கிடைக்காமல் போறதுதான் எனக்கு இந்த வேலையில இருக்கிற பெரிய கவலை.

நோர்மல் எண்டா, இண்டைக்கு, இந்த மெஷினில, பிள்ளை படுத்திருந்த விதத்தில, நாங்கள் பாத்த இடங்களில பிழை காணேல்ல எண்டு அர்த்தம். அதனால ரிப்போட்டைக் கையில வாங்கினவுடன ஒரு கேள்வி கேளுங்கோ: "டொக்டர், எல்லாம் பாக்கக்கூடியதா இருந்ததோ, ஏதும் தெரியாமல் விட்டதோ?" தாயின்ர வயிறு தடிப்பெண்டா, முந்தி சீசர் செய்த தழும்பிருந்தா, தண்ணி குறைவெண்டா, பிள்ளை குப்புறக் கிடந்தா சில இடம் தெரியாது. வெளியில கொஞ்சம் நடந்திட்டு வாங்கோ எண்டு அனுப்பினா கோவிக்காதேங்கோ. 'இதயம் முழுமையாகப் பார்க்க முடியவில்லை' எண்டு எழுதினா அது நேர்மையான ரிப்போட். அந்த வரியை விட்டுப்போட்டு நோர்மல் எண்டு மட்டும் எழுதுறதை விட ஆயிரம் மடங்கு நல்லம்.

கிரகணம்: மேலண்ணம் ரெண்டு பக்கத்தாலயும் வந்து 12 கிழமைக்குள்ள பொருந்தி முடியுது. கிரகணம் வன்னி முழுக்கத்தான் பிடிச்சது, அண்டைக்கு வயித்தில இருந்த மற்றப் பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்ல. மரபணு, வலிப்புக்குக் குடுக்கிற சில மருந்து, புகைத்தல் எண்டு சில காரணம் தெரியும். கனபேருக்குத் தனிக் காரணம் எண்டு ஒண்டும் அகப்படாது. உங்கட அக்கா மீன் வெட்டினதால ஒண்டும் நடக்கேல்ல. இதை மாமிக்கு முன்னால அக்காவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.


மாங்குளம் அப்பா எழுதினது:

டொக்டர் சொன்ன குழாய் இடம்மாறின பிள்ளை என்ர மகள்.

என்ர மனிசிக்கு 21 கிழமையில ஸ்கான் எடுத்தவர் கன நேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு, இதயத்தில எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, இன்னொருத்தர் பாக்கோணும் எண்டு சொல்லிக் கடிதம் தந்தவர். அந்தப் பஸ் பயணம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கேல்ல. கொழும்பில சிசு இதயம் பாக்கிறவர் படம் கீறி விளங்கப்படுத்தினவர். வயித்தில இருக்கும்வரைக்கும் பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம், மூச்சு எடுக்கத் தொடங்கினாப் பிறகுதான் பிரச்சினையாம். அந்த இணைப்புக் குழாய் மூடினா நல்ல இரத்தம் உடம்புக்குப் போகாதாம். பிறந்த கையோட அது மூடாமல் இருக்க ஒரு மருந்து ஏத்தோணும், பிறகு ஒபரேசன்.

சொந்தக்காரர் சிலபேர் கேட்டவை, தெரிஞ்சென்ன, எங்கட நாட்டில கலைக்கவும் விடமாட்டினம், பிறகேன் முன்னுக்கே தெரிஞ்சு அழுவான் எண்டு. எங்களுக்குக் கலைக்கிற எண்ணமே வரேல்ல. நாங்கள் தெரிஞ்சதால பேறுக்கு முன்னமே கொழும்பில போய் இருந்தம். மாங்குளத்தில இருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். பிறந்து நீலம் பாரிச்சாப் பிறகு அம்புலன்சில ஏத்தி அந்த ஏ9ஆல கொண்டுபோயிருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு நான் இண்டைக்கும் நினைக்கப் பயப்பிடுறன். மகளுக்கு பொரளை லேடி றிஜ்வே ஆஸ்பத்திரியில ஒபரேசன் நடந்தது. இப்ப முன்பள்ளிக்குப் போறா. நெஞ்சில நேர்கோடா ஒரு தழும்பு இருக்கு, வேற ஒண்டும் இல்லை.

விசுவமடுத் தங்கச்சி, ஸ்கானுக்குப் போங்கோ. எல்லாம் தெரியாது எண்டு டொக்டர் சொல்லுறது சரி. தெரிஞ்ச அந்த ஒண்டு எங்கட பிள்ளையைக் காப்பாத்தினது.


ஸ்கான் அறை டொக்டர் எழுதினது:

தம்பி, நான் எழுத வந்து விட்டதை நீங்கள் எழுதியிருக்கிறியள். எங்கட சட்டத்தில, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கருக்கலைப்பு செய்யலாம். அதால கனபேர் உங்கட சொந்தக்காரர் கேட்டதையே என்னட்டயும் கேக்கினம். வன்னியில இருக்கிற எங்களுக்கு இந்த ஸ்கான் முதல் சொல்லவேண்டியது பிள்ளை எந்த ஊரில பிறக்கோணும் எண்டதை. குடல் வெளியில கிடக்கிற பிள்ளை, உதரவிதானத்தில ஓட்டையுள்ள பிள்ளை, உங்கட மகள் மாதிரிப் பிள்ளை, இவையெல்லாம் சத்திரசிகிச்சை செய்யிற ஆக்கள் இருக்கிற இடத்தில தாயின்ர வயித்துக்குள்ள இருந்தபடி போய்ச் சேரோணும். அதைவிட நல்ல அம்புலன்ஸ் கிடையாது.


குளக்கட்டு மிட்வைஃப் எழுதினது:

பிள்ளை, நான் முல்லைத்தீவுப் பக்கம் கனகாலம் வேலை செய்தவள், இடம்பெயர்வு வருசங்களிலயும். உங்கட மாமி சொல்லுற அஞ்சு பிள்ளையும் நல்லாப் பிறந்தது சந்தோசம். ஆனா அந்தக் காலத்தில பிறந்து ஒரு கிழமைக்குள்ள போன பிள்ளையளை நான் தூக்கினனான். நீலமாப் போனா 'குளிர் பிடிச்சது' எண்டவை. பால் புரைக்கேறிச் செத்தா 'பார்வை பட்டது' எண்டவை. அதுகளுக்குப் பேர் வைக்க முதலே புதைச்சதால ஒருத்தற்ற கணக்கிலயும் வரேல்ல. மாமியிட்ட மெல்லமாக் கேட்டுப் பாருங்கோ, அவவின்ர ஒழுங்கையில அப்பிடி ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

ஸ்கானுக்குப் போகேக்க கர்ப்பவதிக் கொப்பியையும் முதல் எடுத்த ஸ்கான் துண்டையும் மறக்காதேங்கோ. முதல் ஸ்கானில வந்த திகதி இல்லாட்டி, பிள்ளை சின்னனோ திகதி பிழையோ எண்டு டொக்டருக்குத் தெரியாது. பட்டினி கிடக்கவேண்டாம், சாப்பிட்டிட்டுப் போங்கோ. கட்டைப் பாவாடை சட்டையா, ரெண்டு துண்டு உடுப்பாப் போட்டா வயிறு காட்டச் சுகம். அக்கான்ர மகனைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கோ. கேட்டாத்தான் சொல்லுறது எண்டு இருக்காதேங்கோ, சனக் கூட்டத்தில கேக்க மறப்பினம்.

உங்கட அக்கா அடுத்த பிள்ளைக்கு யோசிச்சா, அதுக்கு முதலே தன்ர மிட்வைஃபிட்ட போகச் சொல்லுங்கோ. போலிக் அசிட் குளிசை பிள்ளை நிக்க முதலே தொடங்கோணும். முள்ளந்தண்டும் மூளையும் உருவாகிற குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிப்போடும், கனபேருக்கு அப்ப மாதவிலக்குத் தள்ளினதே பிடிபடாது. முந்தி முள்ளந்தண்டுப் பிளவோட பிள்ளை பெத்த தாய்மாருக்குக் கூடின அளவு குடுத்து 1991இல வெளிநாட்டில பாத்த ஆய்வில, திருப்பி வாறது நூற்றுக்கு 72 குறைஞ்சது. அப்பிடிப் பிள்ளை பெத்த தாய்மாருக்கு டொக்டர்தான் அளவு சொல்லோணும். ஸ்கான் எவ்வளவு நல்லாப் பாத்தாலும் பாக்க மட்டும்தான் செய்யும், அந்தச் சின்ன மஞ்சள் குளிசை முள்ளந்தண்டுப் பிளவைக் கனதரம் வராமலே தடுக்கும்.


விசுவமடுப் பிள்ளை எழுதினது:

ஸ்கானுக்குப் போயிட்டு வந்திட்டன். மாமியும் வந்தவ! உள்ளுக்கு விடமாட்டினம் எண்டு நினைச்சன், டொக்டர் கூப்பிட்டு முள்ளந்தண்டைக் காட்டினவர். மாமி ஒண்டும் பேசேல்ல, வெளியில வந்து அக்காவுக்கு ஃபோன் எடுத்துக் கதைச்சவ. என்ன கதைச்சவ எண்டு நான் கேக்கேல்ல.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டனான். தலை, முதுகு, குண்டிக்காய், வயிறு, கைகால், உதடு எல்லாம் பாத்தாச்சாம். இதயத்தில நாலு அறையும் சரியாம், குழாய் புறப்படுற இடம் வடிவாத் தெரியேல்லையாம். பிள்ளை குப்புறக் கிடந்து நடந்திட்டு வந்தும் திரும்பேல்ல. 22 கிழமைக்கு வரச்சொல்லி எழுதியிருக்கினம். மாங்குளம் அண்ணையின்ர கதை வாசிச்சதால நெஞ்சு பதறுது. டொக்டர் அக்கா, இது சந்தேகத்தில சொல்லுறதோ? பயணம் பண்ணி யாழ்ப்பாணம் போகவோ?


ஸ்கான் அறை டொக்டர் எழுதினது:

இல்லை தங்கச்சி. 'பாத்தன், பிழை மாதிரி இருக்கு' எண்டது வேற, 'பாக்கேலாமல் போச்சு' எண்டது வேற. மாங்குளம் தம்பிக்குச் சொன்னது முதலாவது, உங்களுக்குச் சொன்னது ரெண்டாவது. குப்புறக் கிடந்தா பிள்ளையின்ர முதுகெலும்பு இதயத்துக்கு மேல நிழல் போடும். இது எனக்கு ஒவ்வொரு கிளினிக்கிலயும் நடக்கிறது. 22இல பிள்ளை பெரும்பாலும் வேற மாதிரிப் படுத்திருக்கும். அந்தத் திகதியைத் தவறவிடாதேங்கோ, அது மட்டும்தான். அதிலயும் தெரியாட்டி, அல்லது சந்தேகம் எண்டு எழுதினா, நெல்லு வித்த காசை அப்ப எடுங்கோ.

அக்கான்ர பிள்ளைக்கு இருந்ததால உங்கட பிள்ளைக்கு அண்ணப்பிளவு வாற வாய்ப்பு மற்றவையை விடக் கொஞ்சம் கூட, ஆனாலும் மிகச் சின்னது. ஸ்கானில அது தெரியப்போறதில்லை எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும். அதால பிறந்த அண்டைக்கே, குழந்தை டொக்டர் பாக்க வரேக்க, மேல்வாயைப் பாத்துச் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ. விரலால தடவிப் பாத்தா பின்பக்க மென்மையான அண்ணத்தில உள்ள பிளவு தப்பிப்போகும். நாக்கை அழுத்திப் பிடிச்சு டோர்ச் அடிச்சு உண்ணாக்கு வரைக்கும் கண்ணால பாக்கோணும். அதோட வலது கையிலயும் ஒரு காலிலயும் ஒட்சிசன் அளவு பாக்கிற கிளிப் மாட்டிப் பாக்கச் சொல்லியும் கேக்கலாம், நோகாது, சில நிமிச வேலை. ஸ்கான் விட்ட இதயக் கோளாறில சிலதை அது பிடிக்கும்.

22இல என்ன சொன்னவை எண்டு எழுதுங்கோ, நான் பாப்பன்.